விண்ணுக்கு ஏணி வைத்த மலை

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளிலே பற்றுக்கொண்டோர், தமக்கு உகந்த கதை நிகழும் இடத்தைக் கண்ணாற் காண விரும்புதல் இயல்பே. மேனாட்டார் இவ்விருப்பத்தை நல்ல வியாபாரமாக்கவும் கற்றிருக்கின்றனர். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில், 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் விண்கலத்தைப் போலவே அமைத்த காட்சியரங்கு 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 2008 செப்டெம்பரில் மூடப்பட்டது. புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி நிறுவனத்தார் 'ஸ்டார் வோர்ஸ்' கதையுலகைத் தழுவிக் கட்டிய விடுதியோ, 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது. அங்கே இருவர் இரண்டு இரவு தங்குவதற்கு ஏறக்குறைய 4,800 டொலர் செலவாயிற்று. சாளரங்களுக்கு வெளியே தெரிந்த விண்மீன்கள் யாவும் திரையில் ஓடிய படங்களே. ஆயினும், மூடப்போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்ததும் கடைசிப் பயணங்களுக்கு இடம் பிடிக்க இரசிகர்கள் முண்டியடித்தனர்.

நம் மலைநாட்டிலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு என்று கூறினால் வாசகர்களுட் சிலர் நகைக்கக்கூடும். அட்டனிலும் மஸ்கெலியாவிலும் பிறந்து வளர்ந்தோர் அதனை நாள்தோறும் காண்கின்றனர். அதுதான் சிவனொளிபாதமலை. டிசம்பர் மாதத்துப் பௌர்ணமியில் தொடங்கும் அதன் யாத்திரைப் பருவம் மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிவடைகின்றது. விளக்குகள் அணைந்து, கடைகள் கலைந்து, மலை தனிமையடையுமுன் ஒரு தடவை, பக்தரோடு பக்தராகவும் ஒரு நாவலின் இரசிகராகவும் ஏறிவர விரும்பினோம்.

அந்த நாவலை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1917இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1956இல் இலங்கைக்கு வந்து, நம் கடலடியில் நீந்தித் திரிவதிற் கொண்ட மோகத்தால் இங்கேயே தங்கிவிட்டார். 2008 மார்ச்சில் கொழும்பிலே காலமாகிப் பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என 1945லேயே கட்டுரை வரைந்தவர் இவர். 1979இல் இவர் வெளியிட்ட 'பவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்னும் நாவல், ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு பெரும் பரிசுகளையும் பெற்றது. சுவர்க்கத்து நீரூற்றுக்கள் என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம்.

கதை 22ஆம் நூற்றாண்டில் நிகழ்கின்றது. ஜிப்ரால்டர் நீரிணைக்குக் குறுக்கே பாலம் கட்டிப் புகழ்பெற்ற வன்னெவர் மோர்கன் என்னும் பொறியியலாளர், அடுத்ததாகப் பூமிக்கும் விண்வெளிக்கும் இடையே ஒரு பாலம் கட்ட முனைகிறார். அதற்கு நிலநடுக்கோட்டின்மேல் உயர்ந்ததொரு மலை வேண்டும். 'தப்ரபேன்' என்னும் தீவில் 'ஸ்ரீ கந்த' என்ற புனித மலையைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் அதன் உச்சியிலோ மிகப் பழமையான பௌத்த மடம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள பிக்குகள் இடம்விட்டுப் பெயர மறுக்கின்றனர். இதுவே கதையின் முடிச்சு.

தப்ரபேன் எனக் கிரேக்கர் வழங்கியது நம் இலங்கையையே என்பதை மாணவர்கள் அறிவர். கிளார்க்கும் நூலின் பின்னுரையில் இதனை மறைக்கவில்லை. தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டின்மேல் வைத்ததும், மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கியதும், அதனைச் சிகிரியாவுக்கு அண்மையிற் கொண்டுவந்ததும் மாத்திரமே தாம் செய்த மாற்றங்கள் என்கிறார். உண்மையில் சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உயரத்தை இரட்டிப்பாக்கிய ஆசிரியர், முழங்கால் நோக ஏறுவோரைச் சற்றே நினைத்திருக்கலாம்!

விண்ணுக்குப் பாலம் என்பது வெறும் மாயாஜாலமா? மாணவர்கள் பொருட்டு இதனைச் சிறிது விளக்குவோம். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் செய்மதி, பூமி ஒரு தடவை சுழலும் நேரத்தில் தானும் ஒரு தடவை சுற்றிவிடும். ஆதலால் கீழே நிற்போருக்கு அது அசையாது ஓரிடத்தில் நிற்பதாகவே தோன்றும். அத்தகைய செய்மதியிலிருந்து ஒரு கயிற்றைக் கீழ்நோக்கி விட்டு, நிறை சமன்படுமாறு மற்றொன்றை மேல்நோக்கியும் விட்டால், ஒரு நாள் அதன் நுனி தரையைத் தொடும். பின்னர் ஏவுகணை எதற்கு? அக்கயிற்றைப் பற்றிக்கொண்டு மின்சாரத்தால் ஏறும் வண்டியிலே விண்வெளிக்குப் போய்வரலாம்.

சிக்கல் கயிற்றில் இருக்கிறது. மிக உறுதியான உருக்குக் கம்பியும் சில பத்துக் கிலோமீற்றர் நீளம் தொங்கினாலே தன் பாரத்தைத் தாங்காது அறுந்துவிடும். ஆகவே கிளார்க் தம் கதையில் கரியணுக்களால் ஆன, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிழை ஒன்றைக் கற்பனை செய்தார். நாவல் வெளிவந்து ஆறு ஆண்டுகளில், 1985இல், அறுபது கரியணுக்கள் பந்துபோலக் கூடிய மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டது. 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா கரியின் நுண்குழாய்களைப் பற்றி எழுதி உலகத்தின் கவனத்தை ஈர்த்தார். உருக்கைவிடப் பன்மடங்கு உறுதியுடையவை அவை. ஆனால் விண்ணெட்டும் நீளத்துக்கு அவற்றைக் கயிறாகத் திரிக்க இன்றுவரை எவராலும் இயலவில்லை.

இந்த எண்ணத்தின் பூர்வீகமும் சுவையானது. பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தைக் கண்ட ருஷ்ய அறிஞர் சியோல்கொவ்ஸ்கி, வானளாவும் கோபுரம் ஒன்றைப் பற்றி 1895இல் எழுதினார். மேலிருந்து கயிறு இறக்கலாம் என்ற யோசனையை லெனின்கிராட் நகரத்துப் பொறியியலாளர் யூரி அர்ட்சுதானொவ் 1960 ஜூலை 31ஆம் திகதி வெளியிட்டார். எங்கே? விஞ்ஞான சஞ்சிகையில் அன்று. 'கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா' என்னும் இளைஞர் பத்திரிகையின் ஞாயிறு மலரிலே! ஞாயிறு மலர்களைக் கடலை சுற்றும் காகிதமாக மட்டும் கருதுவோர் இதனைக் கவனிப்பாராக.

கிளார்க் இலங்கையைத் தேர்ந்தது அன்பினால் மட்டும் அன்று. பூமி முற்றிலும் உருண்டையாக இல்லாமையால், நிலைத்து நிற்கும் செய்மதிகளும் மெல்ல மெல்ல இடம் பெயரும். அவை பெயராது தங்கக்கூடிய இடங்கள் நிலநடுக்கோட்டைச் சுற்றி இரண்டே உள. அவற்றுள் ஒன்று கிழக்கு நெடுங்கோடு 75 பாகைக்கு அண்மையில் இருக்கிறது. இலங்கை இருப்பது 80 பாகையில். கதையிலே கணக்கும் இருக்கிறது என்பதற்கு இது போதும்.

இனி யாத்திரைக்கு வருவோம். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் புகையிரதத்தில் அட்டனில் இறங்கி, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ்ஸிற் செல்ல வேண்டும். பருவகாலத்தில் பஸ் வண்டிகளுக்குக் குறைவில்லை. உட்கார இடத்துக்குத்தான் குறைவு. பாதையின் இருபுறமும் தேயிலை மலைகள். அவற்றின் ஊடே வளைந்து வளைந்து செல்லும்போது, நாவலைப் படித்தவருக்கு ஓரிடத்தில் நெஞ்சு திடுக்கிடும். அது மவுசாகலை நீர்த்தேக்கம்.

நீலமாய் விரிந்து கிடக்கும் அந்நீரின் அடியிலேதான் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. 1960களின் பிற்பகுதியில், மின்சார உற்பத்திக்காக மஸ்கெலி ஓயாவை மறித்து அணை கட்டினார்கள். கடைத்தெருவும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நீருள் அமிழ்ந்தன. மக்கள் மேட்டுக்குப் பெயர்ந்து புதிய நகரம் அமைத்தனர். வறட்சியில் நீர் வற்றும்போது கோயிலின் இடிபாடுகள் வெளியே தலைகாட்டும். அவற்றைப் பார்த்துவர மக்கள் சேற்றிலே நடந்து செல்வர்.

நாவலிலே மாபெரும் பொறியியல் வேலை ஒன்று வருகிறது. புனித இடத்தில் இருப்போரை எழும்பச் சொல்கிறது. அதே மலையின் அடிவாரத்தில், நாவல் வெளிவருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே அது நடந்து முடிந்துவிட்டது! கதையில் வரும் மோர்கன், மகாநாயக்க தேரரை நேரிற் கண்டு பணிவோடு வாதாடுகிறார். மஸ்கெலியாவிலோ நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்திருந்தது. நாட்டிலேயே இருக்க உரிமையில்லை என்று எழுதப்பட்டவரிடம், கடைத்தெருவையும் கோயிலையும் விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று எவர் வந்து கேட்டிருப்பார்? அணை எழுந்தது, மின்சாரமும் வந்தது. தோட்டத்து லயங்கள் பலவற்றில் அதன் பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது.

கிளார்க்கைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. பழமையும் புதுமையும் மோதும்போது இரு பக்கத்து நியாயத்தையும் அவர் நேர்மையாகவே எடுத்துரைக்கிறார். ஆனால் மலையுச்சியிலிருந்து வானத்தை நோக்கும் அந்நாவலை, மலையடிவாரத்தில் இருந்து படித்தால் வேறொரு நூலாகத் தெரிகிறது என்பதே எமது எண்ணம். அவ்வாறு படிக்கும் வாய்ப்பு லண்டன் வாசகருக்கு இல்லை. மஸ்கெலியா மாணவருக்கு உண்டு.

நல்லதண்ணியை அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தபோது கண்ட காட்சியை என்னவென்று சொல்வது! மலை தெரியவில்லை. படிவழி நெடுகிலும் கட்டிய மின்விளக்குகள் மட்டும், தரையிலிருந்து எழுந்து வளைந்து வளைந்து சென்று, விண்மீன்களுக்கு நடுவே போய் முடிந்தன. எங்கே விளக்கு முடிகிறது, எங்கே விண்மீன் தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். புளோரிடாவில் 4,800 டொலர் கொடுத்துக் கண்டது எதுவாயினும் இதற்கு ஈடாகாதென்றே சொல்வோம்; இங்கே கட்டணமும் இல்லை.

நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கினோம். குழந்தையைத் தோளிற் சுமந்த தந்தையர், வெள்ளாடை உடுத்த சிங்களப் பாட்டிமார், கல்லூரி மாணவர், வெளிநாட்டார் எனப் பலரும் ஒரே படியில் மூச்சு வாங்கினர். பருவ முடிவை நெருங்கியமையால் கூட்டம் அதிகம். வழியில் ஓரிடத்திலே, புத்தர் தம் சீவர ஆடையைத் தைத்த இடமென்று கூறி, ஊசியிற் கோத்த நூலைப் பக்தர்கள் இழுத்துக் கட்டியிருந்தனர். ஆயிரக்கணக்கான வெண்ணிழைகள் மின்னொளியில் மினுங்கின. மோர்கனுடைய மெல்லிழையை எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை.

பாதி வழியில் ஒரு தேநீர்க் கடை. மேலுள்ள கடைகளுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் மனிதர் தலையிலும் தோளிலுமே ஏறுகின்றன. மாவு மூட்டையை இறக்கிவைத்து இளைப்பாறிய தோட்டத்து இளைஞர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம்.

"தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை நடை?"

"ஒரு நடைதாங்க ஐயா. கூட்டமான நாளுன்னா ரெண்டு."

இம்மலையின் உச்சியிலிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி அமைப்பதாக வெள்ளைக்காரர் ஒருவர் கதை எழுதியிருப்பதை அவருக்குச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. தேநீரை மெல்லக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"உச்சியிலேயிருந்து மேலே போறதுக்குத்தானுங்களா? அடிவாரத்திலேயிருந்து உச்சிக்கு ஒண்ணும் போடலியா?"

விடைகூற அறியாது நின்றோம். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எம்மை முந்திச் சென்றுவிட்டார்.

கடைசிப் பகுதி செங்குத்தானது. கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டே ஏற வேண்டும். 1344இல் இம்மலையேறிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா, பாறையிற் பிணைத்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மலையேறுவதற்குப் பொறியியலின் துணையை நாடுவது இங்கே புதிதன்று போலும். உச்சியில் இருப்பது கதையில் வருவது போன்ற பெருமடம் அன்று. பாதச்சுவட்டின்மேல் எழுந்த சிறு கோயிலும், அதைச் சுற்றி ஒடுங்கிய முற்றமுமே. சிவபெருமானின் பாதம் என்கிறோம் நாம். புத்தரின் பாதம் என்பர் பௌத்தர். ஆதமின் பாதம் என்பர் இஸ்லாமியர். எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணியை அடிப்பது வழக்கம். எமக்கு முன்னால் நின்ற முதியவர் அடிக்க அடிக்க எண்ணிக்கொண்டு வந்தோம். இருபதுக்குப் பின் எண்ணிக்கை தவறிவிட்டது.

கிழக்கு வெளுத்தது. சூரியன் எழுந்த கணத்தில் அனைவரும் மேற்குப் பக்கம் ஓடினர். அங்கே, மூடுபனியின்மீது, மலையின் நிழல் கூரிய முக்கோணமாய்ப் படுத்திருந்தது. மலை கூம்பு வடிவானதால்தான் நிழலும் அவ்வாறு விழுகிறது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. நெடுந்தூரம் நீண்டு செல்லும் நிழலின் இரு ஓரங்களும், புகையிரதத் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வது போலத் தோன்றுவதால் ஏற்படும் முக்கோணம் அது. எவ்வடிவ மலையாயினும், உயர்ந்த உச்சியில் நிற்பவர் காண்பது முக்கோணத்தையே.

முற்றத்தின் மூலையொன்றில் அமர்ந்து நாவலைப் பிரித்தோம். வீட்டில் இருந்து படிப்போருக்கு மோர்கன்மீது பரிவு உண்டாகும். மனித குலத்துக்கு விண்வழி திறக்கும் வேலைக்குச் சில பிக்குகள் குறுக்கே நிற்கலாமா என்று தோன்றும். அந்த முற்றத்தில், குளிரில் நடுங்கியபடி வணங்கி நிற்கும் கூட்டத்தின் நடுவே படித்தால், பிக்குகளின் பக்கம் மனம் சாய்கிறது. கோபுரத்தின் அடித்தளத்தை இங்கே வைத்தால் இத்தனை பேருக்கும் நிற்க இடம் ஏது?

கதையிலே இவ்வழக்கைத் தீர்ப்பவை வண்ணத்துப்பூச்சிகள். முற்காலத்து மன்னன் ஒருவனின் போர்வீரர்களே வண்ணத்துப்பூச்சிகளாய்ப் பிறந்து ஆண்டுதோறும் மலையுச்சியை நோக்கிப் பறப்பதாகவும், அவை உச்சியை எட்டும் நாளில் பிக்குகள் மலையை விட்டு நீங்க வேண்டுமென்றும் ஒரு பழங்கதை. எட்டின, எவ்வாறு எட்டின என்பதைப் படித்தே அறிக. இதற்கும் வேர் இம்மண்ணில் இருக்கிறது. சிங்கள மக்கள் இம்மலையைச் 'சமனல கந்த' என்பர். வண்ணத்துப்பூச்சி மலை என்பது பொருள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாய் இத்திசை நோக்கிப் பறப்பதையும், அவை சிவனொளிபாதத்துக்கு யாத்திரை போவதாகப் பெரியோர் சொல்வதையும் மலைநாட்டிலே கேட்காதார் யார்? மலையைச் சூழ்ந்த காட்டினை 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நாங்கள் சென்றபோது பூச்சிகளின் காலம் ஏறக்குறையக் கழிந்துவிட்டது. இறங்கும் வழியிற் கண்டவை நான்கைந்தே.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். காலைப் பத்து மணியளவில் அடிவாரத்தை நெருங்கியபோது, தேயிலைச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். கடைக்காரர் சிலர், இன்னும் சில நாளே எஞ்சியிருப்பதால், விற்காத கம்பளித் தொப்பிகளைப் பாதி விலைக்குக் கூவிக்கொண்டிருந்தனர். வெசாக் முடிந்ததும் சமன் தெய்வத்தின் திருவுருவை உச்சியிலிருந்து ஊர்வலமாய் இறக்கிப் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரைக்குக் கொண்டுசெல்வர். அதன்பின் தென்மேற்குப் பருவமழை. மலை முகிலுக்குள் மறைந்துவிடும். அக்காலத்தில் ஏறுவதற்குத் தடையில்லை எனினும், விளக்கில்லை, கடையில்லை, வழுக்கும் படிகளில் உதவிக்கு ஆளில்லை.

டிசம்பர்ப் பௌர்ணமியில் திருவுரு மீண்டும் உச்சிக்கு ஏறும். மின்விளக்குகளும் மீண்டும் எரியும். அப்போது செல்ல விரும்பும் மாணவர்கள் நாவலையும் தவறாது எடுத்துச் செல்லலாம். ஆங்கிலம் அவ்வளவு கடினமானதன்று, அத்தியாயங்களும் சிறியவை. பையில் கம்பளிச் சட்டையும் கொஞ்சம் குளுக்கோசும் இருக்கட்டும். நூலை மட்டும் பொலித்தீன் உறையில் நன்றாகச் சுற்றிக்கொள்ளுதல் நலம். மேலேயுள்ள மூடுபனி அரை மணி நேரத்தில் தாளையெல்லாம் நனைத்துவிடுகிறது.